வெள்ளை எதுவும் வேண்டாம்

டோலன், வயோமிங்
1974 ஜூன் 11

தம்பி லோவலுக்கு,

பதினொரு வருடங்களுக்கு முன் வெர்ன் டக்கெட் என் கணவர் எமெட்டைச் சுட்டுக் கொன்றான். மரண விசாரணைக்கு உட்கார்ந்த ஆறு பேரும் குற்றத்தை அவன் மேல் எழுதவில்லை. என் கணவர் கையில் இருந்த வெள்ளைக் கைக்குட்டையின் மேல் எழுதினார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதை எழுதி முடிக்காமல் உன் உடம்பைப் பற்றி விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. இப்போது விசாரிக்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் பெண்டாட்டி இமோஜீன் போன பிறகு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தாகிவிட்டது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாக மறிமான் வேட்டைக்குப் போகிறாயாம். கூப்பிட்டவன் வெர்ன் டக்கெட்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதமாம். என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது என்று என்னைக் கேட்கிறாய்.

நீ பதினேழு வயதில் ஊரை விட்டுப் போனவன். மறந்திருப்பாய். மறிமானின் பின்புறம் வெள்ளை. பயந்தால் அந்த மயிர் விரிந்து இரண்டு மைலுக்கு அப்பாலும் பளிச்சென்று தெரியும். அதற்கு ஆவலும் அதிகம். அப்பா புல்லில் படுத்துக்கொண்டு ஒரு குச்சியில் வெள்ளைத் துணியைக் கட்டி ஆட்டுவார். என்னவென்று பார்க்க மானே நடந்து வரும். அதனால்தான் விசாரணையில் ஒருவன், "வேட்டைக் காட்டுல வெள்ளைத் துணிய வெளிய எடுத்தா என்ன ஆகும்னு எமெட்டுக்குத் தெரியாதா என்ன?" என்று கேட்டதும் மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

வெர்ன் பைனாகுலர் வைத்துக்கொள்ள மாட்டான். தூரத்தில் எது அசைந்தாலும் துப்பாக்கியைத் தூக்கி, அதன் மேல் பொருத்திய கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பான். அது என்னவென்று அவனுக்குத் தெரிவதற்குள் விரல் விசையில் இருக்கும். இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிறகு சட்டப் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்துப் படித்தேன். எந்தப் புத்தகத்திலும் ஒரு கைக்குட்டை கொலை செய்ததாக நான் படிக்கவில்லை.

உனக்குப் பட்டியல் எழுதித் தர மாட்டேன். போகாதே.

சாப்பாட்டைத் தவிர்க்காதே.

உன் அக்கா
ஆர்வில்லா

---

ஏம்ஸ், அயோவா
ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கிறது. தினமும் முட்டையும் ஓட்ஸ் கஞ்சியும் சாப்பிடுகிறேன். உன் இருமல் போய்விட்டதா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனாலும் நான் போகப்போகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. எனக்குப் பதினான்கு வயதில் அப்பா ஒரு மானின் வயிற்றைக் கிழித்தபோது நான் வாந்தி எடுத்தேன். "இவனுக்கு ஒரு கவுன் தெச்சுக் குடுங்கடா, சர்ச்சுக்குப் போகட்டும்" என்றார். பிறகு என்னை ஒரு முறையும் அழைத்துப்போகவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். வயோமிங் வரைபடம் போடும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும். செத்துப்போவதற்கு முன் ஒரு முறையாவது அந்தச் சமவெளியில் என் வயிறு என் பேச்சைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெர்ன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குக் கடிதம் எழுதுகிறான். இதை உன்னிடம் மறைத்தது என் தப்பு. எமெட் அத்தானைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டான். இந்த வருடம்தான் "வாடா, என் நிலத்துல வந்து சுடு. எங்கூட யாரும் வர்றதில்ல" என்று எழுதினான்.

நீ பட்டியல் தர மாட்டேன் என்றதால் தபாலில் வரும் கடைப் பட்டியலைப் பார்த்து நானே வாங்கிவிட்டேன். மணல் நிறக் கால்சட்டை, மணல் நிறச் சட்டை, காது மடலில் வெள்ளை ரோமம் வைத்துத் தைத்த தொப்பி. கண்ணாடியில் பார்த்தால் நல்ல வேட்டைக்காரன் மாதிரிதான் இருக்கிறேன். மழையில் நனையாதே.

தம்பி
லோவல்

---

டோலன்
ஜூலை 3

லோவலுக்கு,

இருமல் இருக்கிறது; அது என் இருமல், நீ கவலைப்படாதே. உன் கடிதம் வந்ததிலிருந்து காப்பிக் கோப்பையை இரண்டு முறை தட்டிவிட்டேன்.

அந்தத் தொப்பியை இன்றே திருப்பி அனுப்பு. உடம்பெல்லாம் மணல் நிறம், தலையில் வெள்ளை. உன்னை மான் மாதிரி உடுத்தி வெர்ன் டக்கெட்டின் முன்னால் நிறுத்துவதற்கு நீயே காசு கொடுத்திருக்கிறாய். பட்டியல் தர மாட்டேன் என்றேன். தராவிட்டால் நீ இப்படி வாங்குவாய். ஆகவே தருகிறேன். போக அனுமதி தருகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

வெள்ளை எதுவும் வேண்டாம். உள்பனியன் கழுத்தில் எட்டிப்பார்க்கக் கூடாது. வெள்ளைக் காலுறை கூடாது. ரொட்டி சுற்றும் காகிதம் கூடாது. புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போனால் அங்கே எடுக்கும் காகிதமும் வெள்ளையாக இருக்கக் கூடாது. நீலத்திலும் மஞ்சளிலும் கிடைக்கிறது. சிரிக்காதே. அப்படிக் குனிந்த இடத்திலேயே செத்தவர்கள் உண்டு.

தோல் கையுறை வாங்கு, மாட்டுத்தோலாக இருக்கட்டும். மான் இருக்கும் இடத்துக்கு நடந்து போக முடியாது, தவழ வேண்டும். தரை முழுக்கச் சப்பாத்திக் கள்ளி. முழங்காலுக்குப் பழைய டயர் டியூபை வெட்டி, உள்ளே கம்பளி வைத்துக் கட்டிக்கொள். காலையில் உறைபனி, மதியம் வேர்க்கும். கம்பளிச் சட்டை மேல் கம்பளிச் சட்டையாகப் போடு. தண்ணீர் இரண்டு குடுவை. எல்லாவற்றுக்கும் முன்னால் பைனாகுலர். அதை வாங்காமல் துப்பாக்கியைத் தொடாதே.

ஆரஞ்சு மேலங்கியை நானே வாங்கினேன். மெர்ல் கடைக்குப் போனேன்.

"யாருக்கு ஆர்வில்லா? உனக்கா?" என்றான்.

"எங்க தம்பிக்கு. நீ ஒரு நிமிஷம் போட்டுக் காட்டு. அவனும் ஒன்ன மாதிரிதான், வயிறு முன்னால, முதுகு பின்னால."

போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றான். நான் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். தெரிந்தான். தானியக் கிடங்கு வரை போய்ப் பார்த்தேன். தெரிந்தான். திரும்பி வந்தபோது, "இன்னும் கொஞ்சம் போயிருந்தா நெப்ராஸ்காவுக்கே போயிருப்ப" என்றான். சட்டம் கேட்பது ஒன்று. நான் இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று கிழிந்தால் இன்னொன்று.

வேளைக்கு மருந்து எடுத்துக்கொள்.

அக்கா

---

ஏம்ஸ்
ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நல்ல வெயில், அதனால் முழங்கால் சமாதானமாக இருக்கிறது. இருமலுக்கு டாக்டரைப் பார். உன் இருமல் என் கவலைதான்.

வேட்டை உரிமம் குலுக்கலில் என் பெயருக்கு விழுந்துவிட்டது. செப்டம்பர் 28ஆம் தேதி தொடக்கம். தொப்பியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேலங்கி இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்றைப் போட்டுக்கொண்டு புல் வெட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சாரே, ரோடு போடுற வேலைக்குச் சேந்துட்டீங்களா? எங்க வாசல்லயும் ஒரு குழி இருக்கு" என்றார்.

பைனாகுலர் வாங்கிவிட்டேன், பழையதுதான். அதில் எங்கள் சர்ச் கோபுரத்தின் புறா எச்சம் வரை தெரிகிறது. டயர் டியூபைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் தவழ்ந்து பார்த்தேன். எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். பதினொரு வருடமாகக் கேட்காதது. அன்று அத்தான் சிவப்பு போடவில்லையா? அந்த நாளில் சிவப்புதானே சட்டம்? அவர் எதிலும் கவனமானவர். என்ன நடந்தது என்று நீ எனக்கு எழுதியதே இல்லை. நான் அடக்கத்துக்கும் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோவல்

---

டோலன்
ஜூலை 22

லோவலுக்கு,

இருமலுக்குத் தேனும் மிளகும் எடுக்கிறேன். நீ அடக்கத்துக்கு வராததை நான் மன்னிக்கவில்லை. மறக்கவும் இல்லை. இப்போது கேட்டதற்குப் பதில்.

சிவப்புத் தொப்பி, சிவப்பு மேலங்கி இரண்டும் போட்டுக்கொண்டுதான் போனார். கிழக்கு மேட்டில் ஒரு கிடாய் மானைச் சுட்டார். இந்த வெயிலில் மானை உடனே அறுத்து, தோலை உரித்து, காற்றுப் பட வைக்க வேண்டும். இல்லையென்றால் இறைச்சி வீணாகிவிடும். மண்டியிட்டு அறுத்தார். ரத்தம் படாமல் இருக்க மேலங்கியைக் கழற்றிப் புதரில் மாட்டினார். தொப்பியையும் அதன் மேல் வைத்தார். உள்ளே காக்கிச் சட்டை. வேலை முடிந்து கை துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

முந்நூற்று இருபது கஜத்துக்கு அப்பால் வெர்ன். சேஜ் என்னும் சாம்பல் நிறப் புதருக்கு நடுவில் காக்கியும் வெள்ளையும் அசைவதைக் கண்டான். துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தான். மீதி உனக்குத் தெரியும். கழுத்தில் பைனாகுலர் இருந்திருந்தால் அதைத் தூக்கியிருப்பான். "அட, எமெட்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

ஆகவே உன் பட்டியலில் இன்னொன்று: அறுக்கும்போது மேலங்கியைக் கழற்றாதே. ரத்தம் படட்டும். துவைக்கலாம். மானைத் தோளில் போட்டுத் தூக்கி வராதே. இழுத்துத்தான் வர வேண்டும். அதன் மேல் இரண்டாவது ஆரஞ்சைக் கட்டி இழு. நான் இரண்டு அனுப்பியது எதற்கென்று இப்போது புரியும்.

அன்று காலை வீட்டில் நடந்ததைக் கேட்காதே. கேட்டாலும் எழுத மாட்டேன்.

பதில் உடனே போடு.

அக்கா

---

டோலன்
ஆகஸ்ட் 19

லோவலுக்கு,

நான்கு வாரம் ஆயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விழுந்துவிட்டாயா? ஆஸ்பத்திரியா? தொலைபேசியில் மூன்று முறை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தபால் நிலையத்துக்கு நான் வருவதைப் பார்த்ததும் கவுண்டரில் இருக்கும் பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். நேற்று, "வந்தா நானே கொண்டாந்து தரேன் பாட்டிம்மா, இந்த வெயில்ல அலையாதீங்க" என்றாள். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாளா, எதையாவது மறைக்கிறாளா என்று தெரியவில்லை.

கிழக்கே எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கிறேன். ஆகஸ்டில் எல்லோரும் துப்பாக்கியைச் சரிபார்க்கிறார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நிற்கிறேன்.

என்ன கோபமாக இருந்தாலும் உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

அக்கா

---

டோலன்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் சரிதான். உன் ஊரில்தான் இருக்கிறேன். மெர்ல் கடைக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குறி பழக வந்து பத்து நாளாக வெர்ன் வீட்டில் தங்கியிருந்தேன். உன் வீட்டுக்கு எட்டு மைல். இரண்டு முறை உன் கேட் வரை வந்து திரும்பிவிட்டேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தபால் நிலையத்துப் பெண்ணிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். அவளைத் திட்டாதே.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். வியாழக்கிழமை குறி பார்த்துச் சுட்டுப் பழகினோம். நான் இலக்குப் பலகையைப் பார்க்க இருநூறு கஜம் நடந்து போனேன். ஓட்டைகளை எண்ணிவிட்டுத் திரும்பினேன். வெர்ன் மேசை மேல் சாய்ந்து துப்பாக்கிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நின்றுவிட்டேன். அவன் கை அசைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு துப்பாக்கியை இறக்கினான்.

"நீயா?" என்றான். "யாரோ வராங்களேன்னு பாத்தேன்."

"வேற யாருடா வருவா? நீயும் நானும்தானே இருக்கோம்?"

"குண்டு இல்லடா. துப்பாக்கியத் தொறந்துதான் வெச்சிருக்கேன், பாரு."

பார்த்தேன். திறந்துதான் இருந்தது. ஆனால் அக்கா, நான் அந்த ஆரஞ்சைப் போட்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையிலும் ஒன்றைக் கவனித்தேன். உப்புக் குடுவையைக் கையால் தடவித்தான் எடுக்கிறான். அன்றைக்கு என் கோப்பையில் காப்பி ஊற்றுவதாக நினைத்து மேசையில் ஊற்றினான். "உன் கோப்பைதான் நகந்துடுச்சு" என்று என்னைத் திட்டினான்.

நாளை ஊருக்குத் திரும்புகிறேன். உரிமத்தைக் கிழித்துப்போட்டால் நான் தப்பிவிடுவேன். ஆனால் அவன் தனியாகப் போவான். கிழக்கு மேட்டில் வேட்டை தொடங்கும் நாளில் நாற்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பான். நான் பைனாகுலரோடு பக்கத்தில் நின்றால், பார்க்க வேண்டியதை நான் பார்த்துச் சொல்லலாம். அதனால்தான் போகலாம் என்று நினைக்கிறேன். ஆனாலும் முதுகில் அவன் கண்ணாடியை உணர்ந்துகொண்டே நடக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

உன் இருமல் எப்படி?

லோவல்

---

டோலன்
ஆகஸ்ட் 24

லோவலுக்கு,

உயிரோடு இருக்கிறாய். அது போதும். மற்றதற்கு நீ நேரில் வரும்போது வாங்கிக்கட்டிக்கொள்வாய். எட்டு மைல் தூரத்தில் பத்து நாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதைக்கூடப் பார்க்கவில்லை. உன்னை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஆரஞ்சு போட்டவனை. அப்படியென்றால் நான் அனுப்பிய துணி எதுவும் உன்னைக் காப்பாற்றாது. இரண்டு மாதமாக நிறத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்கிறவனுக்குக் கண் இல்லை என்றால் நிறம் என்ன செய்யும்?

எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதுகிறேன். அவருக்கு நீலக் கைக்குட்டை இரண்டு உண்டு. வேட்டைக்கு அதுதான். அன்றைக்கு இரண்டும் துவைக்கக் கிடந்தன. நான் முந்தின நாளே துவைத்திருக்க வேண்டும், சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். மாவு மூட்டைத் துணியில் தைத்த வெள்ளையை இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, அவர் பையில் நானே வைத்தேன். "வெள்ளையா குடுக்குற?" என்று கேட்டார். "வெளிய எடுக்காதீங்க. மூக்கு ஒழுகுனா சட்டைக் கையில தொடைங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

விசாரணையில் அந்தத் துணியை மேசை மேல் விரித்து வைத்திருந்தார்கள். நான் மூன்று கஜம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டை கொல்லவில்லை என்று பதினொரு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

ஆனாலும் அது கொல்லவில்லை. அதிலிருந்து ஒரு அங்குலம் நகர மாட்டேன்.

அக்கா

---

ஏம்ஸ்
செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். உன்னுடைய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவது நான் அங்கே இருக்கும்போது இங்கே வந்து கிடந்திருக்கிறது. அதைப் படித்து வெட்கப்பட்டேன். இரண்டாவதற்கு என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். நீலமும் ஒரு துணிதான் அக்கா. அது அசைந்தாலும் அவன் துப்பாக்கியைத் தூக்கியிருப்பான். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். வெர்னிடமும்.

நேற்று அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "வருவியாடா?" என்று ஒரே கேள்வி. இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "சரி, வராட்டி போ. நான் போவேன். இந்த மேட்ட நான் கண்ண மூடிக்கிட்டே சுத்துவேன்" என்றான். அவன் பெருமைக்குச் சொன்னான். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

முடிவை உன்னிடம் விடுகிறேன். கோழைத்தனம் என்று சொல், பரவாயில்லை. நீ ஒரு வரி எழுதினால் உரிமத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இல்லை, வா என்றால் வருகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

லோவல்

---

டோலன்
செப்டம்பர் 13

தம்பி லோவலுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் காலை வெர்ன் டக்கெட் வீட்டுக்குப் போனேன். பதினொரு வருடத்தில் முதல் முறை. பிக்கப் வண்டியை அவன் கேட்டில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். தொழுவத்திலிருந்து வெளியே வந்தான், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்தான். வீட்டுக்குள் திரும்பிப் போனான். துப்பாக்கி எடுக்கத்தான் போகிறான் என்று தெரிந்தது. ஓடிவிடலாம் என்று கை சாவிக்குப் போனது. ஆனால் ஓடவில்லை. இறங்கிக் கத்தினேன்.

"வெர்ன், அத எடுக்காத. நான்தான். ஆர்வில்லா."

வாசலில் வெறுங்கையோடு நின்றான்.

"யாருன்னு பாக்கத்தான் போனேன்" என்றான்.

"தெரியும். எமெட்டையும் அப்படித்தான் பாத்த."

அவன் வேலி வரை வந்தான். வேலிக்கு இந்தப்புறம் நான், அந்தப்புறம் அவன்.

"கண்ணு எப்ப போச்சு?" என்றேன்.

"வலது பக்கம் புரை விழுந்துருக்கு. இடது கொஞ்சம் பரவால்ல. டாக்டர் வெட்டணும்கறான்."

"அன்னிக்கே இருந்துச்சா?"

"அன்னிக்கு இல்ல. அன்னிக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது." கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வெள்ளையா தெரிஞ்சுது. மான்னு நெனைக்கறதுக்கு முன்னாடியே அழுத்திட்டேன். கைக்குட்டைன்னு நான் சொல்லல, ஆர்வில்லா. அவங்க சொன்னாங்க. நான் தலையாட்டினேன்."

"ஆட்டினது போதும். துப்பாக்கிக் கண்ணாடியக் கழட்டு."

"அது இல்லாட்டி துப்பாக்கி எனக்கு வெறும் கம்பு."

"கம்போட வா."

அவன் கெட்ட வார்த்தை சொன்னான். நானும் சொன்னேன். அவன் சொன்னதைவிட என்னுடையது பெரியது. பிறகு உள்ளே போய் ஒரு திருப்புளியோடு வந்தான். அவனால் திருகின் தலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் கழற்றினேன். கண்ணாடி இப்போது என் சமையலறையில் இருக்கிறது.

அவனை மன்னிக்கவில்லை. அதை அவனிடமும் சொன்னேன். மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அவனைத் தனியாக அனுப்ப முடியாது என்று நீ எழுதியது சரி. ஆகவே வா. செய்ய வேண்டியவை கீழே இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் யாரும் என் கேட்டைத் தாண்டப் போவதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து கிழக்கு மேட்டுக்கு வழி என் நிலத்தில்தான்.

வெர்ன்: வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்னோடு மாவட்டப் பதிவகத்துக்கு வர வேண்டும். கண்டது என்னவென்று தெரியாமல் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துச் சுட்டேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அக்டோபரில் கண் புரையை வெட்டி எடுக்க டாக்டரிடம் தேதி வாங்க வேண்டும். வேட்டையன்று துப்பாக்கி கொண்டு வரலாம், குண்டு கொண்டு வரக் கூடாது. மேடு அவனுக்கு மனப்பாடம். மான் எந்தப் பள்ளத்தில் படுக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியது அவன் வேலை.

அதே நாள், அவனுக்குப் பிறகு, நான்: அந்தத் துணியைப் பையில் வைத்தது யார் என்று அதே பதிவகப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்காததால் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து.

பதிவக எழுத்தர்: இரண்டையும் பழைய விசாரணைக் குறிப்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். மாட்டேன் என்றால் எந்தச் சட்டப்படி என்று எனக்குக் காட்ட வேண்டும்.

மெர்ல்: வெர்னுக்கு ஆரஞ்சு மேலங்கி, தொப்பி, கையுறை எடுத்து வைக்க வேண்டும். வெர்ன் வயிறும் உன் அளவுதான், ஆகவே மறுபடியும் மெர்லே போட்டுக் காட்ட வேண்டும்.

நீ: 26ஆம் தேதிக்குள் வந்து என் வீட்டில் தங்க வேண்டும், அங்கே அல்ல. கம்பளிச் சட்டை மூன்று, டயர் டியூப், தோல் கையுறை, பைனாகுலர். உன் துப்பாக்கியை ஊரிலேயே விட்டுவிட்டு எமெட்டினுடையதை எடுத்துப்போக வேண்டும். அதில் கண்ணாடி கிடையாது, எண்பது கஜம் வரை தவழ்ந்து போனால்தான் சுட முடியும். அவ்வளவு கிட்டே போனால் அது மான்தானா என்று உனக்கே தெரியும். வாந்தி வந்தால் எடு. மேலங்கியை மட்டும் கழற்றாதே.

மறுபடியும் நான்: காலையிலிருந்து மேட்டின் உச்சியில் பிக்கப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் இரண்டு ஆரஞ்சும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மறைந்தாலும் கையை எடுக்காமல் ஹார்னை அழுத்துவேன். அந்தச் சத்தத்தில் அந்தப் பக்கத்து மான் அத்தனையும் ஓடிப்போகும். போகட்டும்.

அக்கா
ஆர்வில்லா